பிள்ளையான தேதி தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டுமா?

பனைநிழல் | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்தப் பகுதியில் நான் வாசிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்று எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மூன்று தலைமுறையாகச் சபைக் குடும்பம். எனக்குக் குழந்தையில் ஞானஸ்நானம், பதினைந்து வயதில் திடப்படுத்தல், அப்புறம் பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், 22 வருடமாக ஓய்வுநாள் பள்ளி. பலிபீடத்துக்குப் பூ வைப்பது முதல் அசனம் என்கிற சபை விருந்து நாளில் கத்தரிக்காய் நறுக்குவது வரை ஆலயத்தில் என் கை படாத வேலை இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் கேட்கப்போகும் கேள்விக்கு இது வேண்டியிருக்கிறது.

போன வாரம் எங்கள் ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன். கடைசி இரவு செய்தி யோவான் 1:12. அவரை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் தேவனுடைய பிள்ளைகளாகும்படி அதிகாரம் கொடுத்தார் என்ற வசனம். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, "பிறந்த நாள் தெரியாத பிள்ளை உண்டா? நீங்கள் தேவனுடைய பிள்ளையான தேதி தெரியாதவர்கள் எழுந்து நில்லுங்கள். ஆண்டவருக்கு முன்னால் பொய் வேண்டாம்" என்றார்.

எனக்குத் தெரியாது. யோசித்து யோசித்துப் பார்த்தாலும் ஒரு தேதி அகப்படவில்லை. பொய்யாக உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை, எழுந்து நின்றேன். பந்தலில் முன்னால் ஜமுக்காளத்தில் இருந்த என் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு சின்னவன் கையைத் தூக்கி "டீச்சர்" என்று கூப்பிடவும் செய்தான்.

அந்த ஊழியர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேள்விதான் என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. 22 வருடம் அந்த வீட்டில் வேலை செய்திருக்கிறேன். வேலைக்காரியாகத்தான் இருந்தேனா? பிள்ளையாவது என்றால் என்ன நடக்க வேண்டும்? உங்களுக்கு எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

---

கடலோரம் | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, நீங்கள் எழுந்து நின்றதே பெரிய காரியம். நூறு பேருக்கு நடுவில் உண்மை சொல்ல எல்லாருக்கும் வராது.

எனக்குத் தேதி தெரியும். 1999 ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். அதற்கு முன் பதினொரு வருடம் குடி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன், சம்பளம் வீட்டுக்கு வந்ததில்லை. அன்று கூட்டத்துக்குப் போனதே மனைவியை அங்கிருந்து இழுத்து வரத்தான். வாசலில் நின்றவன் உள்ளே போய் முழங்காலில் விழுந்தேன். என்ன ஜெபித்தேன் என்று இன்றும் நினைவில்லை. திரும்பி நடந்து வந்தபோது என் மகள் என்னைக் கண்டு பயந்து கதவுக்குப் பின்னால் போகவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

என்னைப் போன்றவனுக்குத் தேதி ஒரு சுவர், அக்கா. பழைய ஆள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதனால்தான் தேதி கேட்பவர்களை என்னால் குறைசொல்ல முடியவில்லை. நிக்கொதேமு யார்? அவனும் போதகன்தான், இஸ்ரவேலில் பேர்பெற்றவன். அவனிடம்தான் ஆண்டவர் "மறுபடியும் பிறக்கவேண்டும்" என்றார். சபை வேலையும் மறுபிறப்பும் ஒன்றல்ல. உங்களைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. இன்றிரவே தனியாக உட்கார்ந்து கேளுங்கள், அவர் தருவார்.

---

மெழுகுத்திரி | திங்கள், காலை 6.05

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கம் இந்தக் கேள்வி இந்த வடிவில் எழாது. திருமுழுக்கில்தான் கடவுளின் பிள்ளையாகிறோம் என்பது எங்கள் நம்பிக்கை. என் தேதியைக் கேட்டால் பங்கு ஆலயத்துப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டிவிடலாம்.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் தேதி இருந்தும் நாற்பது வயதுவரை நான் கடவுளை ஒரு தலைமையாசிரியர் மாதிரிதான் வைத்திருந்தேன். கூப்பிட்டால் போவேன், திட்டுவார் என்று நினைத்துக்கொண்டே போவேன். எனவே தேதி தெரிந்தவர்களுக்கும் உங்கள் கேள்வி உண்டு, சகோதரி.

---

பழையதாள் | திங்கள், காலை 11.30

பனைநிழல் அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் கேள்வியை அப்படியே ஒருவர் 1736இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் சபைகள் யாரால் உண்டாயினவோ, அவரேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதரோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

அப்போது அவருக்கு 32 வயது. ஏழு வருடத்துக்கு மேலாகக் குருவானவர். ஆக்ஸ்போர்டில் லிங்கன் கல்லூரியின் உறுப்பினர். புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது, ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம், விடிகாலை ஜெபம் என்று ஒரு நாளும் தவறாத ஒழுங்கு. நாம் சபையில் செய்வதெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. செவ்விந்தியர்களுக்குச் சுவிசேஷம் சொல்லக் கப்பலேறினார். வழியில் ஜனவரி மாதம் ஒரு புயல். பாய்மரத்துணி கிழிந்து, தளத்துக்கு மேலே தண்ணீர் கொட்டுகிறது, ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையார் மட்டும் தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அடங்கியபின் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை, தேவனுக்கு நன்றி என்றார். பெண்களும் பிள்ளைகளும்? அவர்களுக்கும் சாவைக் கண்டு பயமில்லை என்றார்.

கரையேறியதும் மொரேவிய போதகர் ஸ்பாங்கன்பர்க் அவரிடம் ஒரு கேள்வி வைத்தார்: "நீர் தேவனுடைய பிள்ளை என்று ஆவியானவர் உமது ஆவியுடன் சாட்சி கொடுக்கிறாரா?" ரோமர் 8:16ஐத்தான் கேள்வியாக்கிக் கேட்டார். வெஸ்லிக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா?" "அவர் உலக இரட்சகர் என்று தெரியும்." "சரிதான். உம்மை இரட்சித்தார் என்று தெரியுமா?" "என்னை இரட்சிக்க மரித்தார் என்று நம்புகிறேன்." கடைசியில் "உம்மையே உமக்குத் தெரியுமா?" என்று கேட்க, "தெரியும்" என்று சொல்லிவிட்டார். அவை வெறும் வார்த்தைகளாக இருந்திருக்கும் என்று தமது நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்தார். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஜார்ஜியா ஊழியம் தோல்வி. 1738 ஜனவரியில் திரும்பி வரும்போது, செவ்விந்தியரை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவார் என்று எழுதுகிறார். லண்டனில் பீட்டர் போலர் என்ற இளம் மொரேவியர் பழக்கமானார். எனக்கே விசுவாசம் இல்லையே, பிரசங்கத்தை நிறுத்திவிடவா என்று அவரிடம் கேட்டார். நிறுத்தாதீர், விசுவாசம் வரும்வரை அதைப் பிரசங்கியும், வந்தபின் அது இருப்பதால் பிரசங்கிப்பீர் என்றார் போலர்.

அப்புறம்தான் எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்த நாள். 1738 மே 24. சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு எட்டே முக்கால் மணிக்கு, தம் இருதயம் விநோதமாக அனல்கொண்டதை உணர்ந்தார். அவருக்கும் தேதி கிடைத்துவிட்டது, மணி நிமிடத்தோடு.

கூட்டங்களில் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நாட்குறிப்பு நிற்கவில்லை. அதே இரவிலேயே, இது விசுவாசமாக இருக்காது, உன் சந்தோஷம் எங்கே என்ற எண்ணம் வந்து தம்மை மோதியதை எழுதுகிறார். மிச்சத்தை மாலையில் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

---

கடலோரம் | திங்கள், பகல் 1.20

பழையதாள் ஐயா, அருமை. ஆனால் இது என் பக்கத்துக்குத்தானே பலம்? அவ்வளவு ஒழுங்காக இருந்தவருக்கே மே 24 தேவைப்பட்டது. அதற்கு முன் அவர் பிள்ளை இல்லை என்று அவரே சொல்கிறார்.

---

பழையதாள் | திங்கள், மாலை 7.50

தம்பி, நீங்கள் சொல்வது 1738இன் வெஸ்லி. அவர் 1791வரை வாழ்ந்தார். ஐம்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவரே திருத்தினார்.

முதலில், அனல் தொடர்ந்து இருக்கவில்லை. 1739 ஜனவரி 4ஆம் தேதி, எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதுகிறார். அது இளமைக் குழப்பம் என்று தள்ளிவிடலாம். 1766 ஜூனில் தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தை எப்படித் தள்ளுவது? நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை என்று அதில் இருக்கிறது. அதற்குள் இங்கிலாந்து முழுதும் குதிரையில் சுற்றி ஆயிரக்கணக்கானவர்களைப் பிள்ளைகளாகும்படி அழைத்திருந்தார், வயது 63. அந்தக் கடிதத்தை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

இரண்டாவது, நாட்குறிப்பைப் பிற்காலத்தில் மறுபதிப்புச் செய்தபோது பழைய வரிகளுக்கு அடிக்குறிப்பு சேர்த்தார். மற்றவர்களை மனந்திருப்ப அமெரிக்கா போன நானே மனந்திரும்பியிருக்கவில்லை என்ற வரியின் கீழே: இது எனக்கு நிச்சயமில்லை. இன்னொரு இடத்தில்: அப்போதே எனக்கு ஊழியக்காரனின் விசுவாசம் இருந்தது, குமாரனின் விசுவாசம்தான் இல்லை.

மூன்றாவது, பனைநிழல் அவர்களுக்காகவே எடுத்து வைத்தது. 1788இல் 'விசுவாசத்தைப் பற்றி' என்று ஒரு பிரசங்கம். ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன் மெதடிஸ்ட் பிரசங்கிகள் ஊழியக்காரனுக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் போதுமான அளவு அறிந்திருக்கவில்லை, அதனால் தேவன் துக்கப்படுத்தாதவர்களின் இருதயத்தை அவர்கள் துக்கப்படுத்திவிட்டார்கள் என்கிறார். பாவம் மன்னிக்கப்பட்டது தெரியுமா என்று கேட்பார்களாம். தெரியாது என்றால், அப்படியானால் நீ பிசாசின் பிள்ளை என்பார்களாம். அது தவறு என்கிறார் கிழவர். தேவனுக்குப் பயந்து நடக்கிற ஊழியக்காரனையும் அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், பிள்ளையாகும்வரை கேளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார். தேதி தெரியாதவர்களை எழுப்பி நிறுத்தும் பழக்கத்துக்கு அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரே கொடுத்த பதில் இது.

இன்னொன்று, நமக்கு நெருக்கமானது. வெஸ்லியின் தாய் சூசன்னா. 1712இல் எப்வொர்த் குருமனையில் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. நம் தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சா இருவரின் ஊழியம் பற்றியது. மகள் எமிலியா தகப்பன் அறையில் கண்டெடுத்தாள். சூசன்னா அதைப் படித்து மனம் அசைந்துபோனார். தாம் ஆணுமல்ல, குருவுமல்ல, ஆனாலும் தம் பிள்ளைகளுக்காவது ஏதாவது செய்யலாமே என்று, ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பல வருடம் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து அந்த மகன், வியாழன் மாலையில் எனக்குக் கொடுத்த அந்தச் சிறு நேரத்தை எனக்காக ஒதுக்குங்கள் என்று அம்மாவுக்கு எழுதினார். தரங்கம்பாடிக் கடற்கரையில் தமிழ் கற்ற இருவரால் இங்கிலாந்தில் ஒரு எட்டு வயதுப் பையனுக்கு அம்மாவின் வியாழக்கிழமை கிடைத்தது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

அந்தச் சூசன்னா? 1739இல் 70 வயதில் மகனிடம் சொல்கிறார்: திருவிருந்தில் மருமகன் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, உனக்காகக் கொடுக்கப்பட்ட இரத்தம் என்று சொன்னபோது அந்த வார்த்தை என் இருதயத்தைத் துளைத்தது, மன்னிக்கப்பட்டேன் என்று அறிந்தேன். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒன்பது பேரைக் குழந்தையிலேயே அடக்கம்செய்து, மிச்சமிருந்தவர்களை வேதத்தில் வளர்த்த தாய் அதற்கு முன் தேவனுடைய பிள்ளை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வீர்களா, தம்பி?

---

கடலோரம் | திங்கள், இரவு 9.10

சொல்ல மாட்டேன், ஐயா.

ஆனால் அவரும் அந்த நாள் வரும்வரை அது வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. அதையும் விட்டுவிடாதீர்கள்.

---

திருமுறைநேயன் | செவ்வாய், காலை 8.00

நான் சைவன். இந்த இழையில் எழுதலாமா என்று தயங்கினேன், பழையதாள் ஐயா ஊழியக்காரன், பிள்ளை என்ற வரிசையைச் சொன்னதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்குக்கு நான்கு மார்க்கப் பெயர்கள் உண்டு. தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம். ஆண்டவனுக்கு அடிமையாக நிற்பது, மகனாக நிற்பது, தோழனாக நிற்பது, கடைசியில் ஒன்றாவது. நால்வரையும் இந்த நான்குக்குக் காட்டுவார்கள். கையில் உழவாரம் ஏந்தி கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய அப்பர் தாச மார்க்கம். சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதில் அம்மையிடம் பால் உண்ட சம்பந்தர் சற்புத்திர மார்க்கம்.

உங்களிடம் மகன் என்பது முடிந்த இடம், எங்களிடம் இரண்டாம் படி. அந்த வேறுபாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. தாசராகிய அப்பர்தான் "அப்பன் நீ அம்மை நீ" என்று பாடியவர். புல் செதுக்கிய கை அது. எங்கள் பாட்டி கோயிலில் கோலம் போட்டே வாழ்ந்து முடித்தவள், அவளிடம் போய் நீ அடிமையா மகளா என்று யாரும் கேட்டதில்லை. அம்மா, உங்கள் 22 வருடத்தை யாரும் சிறிதாக்க விடாதீர்கள்.

---

பனைநிழல் | செவ்வாய், பகல் 2.30

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் திருமுறைநேயன், உங்கள் பாட்டியை நினைத்துக்கொண்டே இன்று ஆலயம் பெருக்கினேன்.

நேற்று இரவு லூக்கா 15 எடுத்தேன். பல தடவை பிள்ளைகளுக்கு நடத்திய பாடம்தான். இந்த முறை கண்ணில் பட்டது வேறு. இளையவன் வழியெல்லாம் ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான், உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்று. வீட்டில் இருந்த மூத்தவன் வாயைத் திறந்ததும் சொல்வது, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து வந்தேன் என்று. போனவனும் கூலிக்காரன் என்கிறான், போகாதவனும் ஊழியக்காரன் என்கிறான். இரண்டு பேருக்கும் தாங்கள் மகன் என்பது தெரியவில்லை. தகப்பன் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. இளையவன் மனப்பாடம் செய்த அந்தக் கூலிக்காரன் என்ற வாக்கியத்தைச் சொல்ல விடாமலே உயர்ந்த வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மூத்தவனிடம் வெளியே வந்து, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய்" என்கிறார்.

கடலோரம் தம்பி, நீங்கள் வழியில் கண்ட தகப்பன் அவர். எனக்காக முற்றத்துக்கு இறங்கி வந்தவரும் அவர்தான் என்று நினைக்கிறேன். முழுசாகத் தெரியவில்லை.

---

யாழ்மண் | செவ்வாய், இரவு 8.45

வணக்கம் அக்கா. நாங்கள் யாழ்ப்பாணம், மெதடிஸ்ட் சபை. வெஸ்லியைப் பற்றி ஐயா எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

பவுல் சொல்லும் புத்திரசுவிகாரம், அதாவது பிள்ளையாகத் தத்தெடுப்பது, என்ற சொல் எனக்கு வேதபாடமாக விளங்கினதில்லை, வீட்டில்தான் விளங்கியது. நாங்கள் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தோம். நாலு வயசில் வந்தவள். நீதிமன்றக் கட்டளை கிடைத்த நாள் எங்களுக்குத் தெரியும், கடதாசி அலுமாரியில் இருக்கிறது. அன்று முதல் அவள் எங்கள் மகள், அதில் அரைவாசி காவாசி இல்லை.

ஆனால் எட்டு மாதம் அவள் குளிர்சாதனப்பெட்டியைத் தானாகத் திறக்கவில்லை. "தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்பாள். பிஸ்கட் குடுத்தால் பாதியைச் சட்டைப்பைக்குள் ஒளிப்பாள். நான் சொல்லாமலே கோப்பை கழுவுவாள், கழுவிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அவ்வளவு நல்ல பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வரும். பிறகு ஒரு நாள் வெளியில் விளையாடிவிட்டு ஓடிவந்து, பெட்டியைத் திறந்து, யோகட் எடுத்துத் தின்றுகொண்டே கதவையும் பூட்டாமல் போய்விட்டாள். அது எந்தத் திகதி என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்தக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நான் குசினியில் நின்றது மட்டும் ஞாபகம்.

கடலோரம் அண்ணைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. மெழுகுத்திரி ஐயாவுக்குக் கடதாசி இருக்கிறது. அக்கா, உங்களுக்குக் கோப்பை கழுவின ஞாபகம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றும் ஒரே வீட்டுக்குள்தான் நடந்தது.

---

பழையதாள் | செவ்வாய், இரவு 9.30

யாழ்மண், இதற்குப்பின் நான் என்ன எழுதினாலும் சிறியதுதான். ஒரு செய்தி மட்டும். பவுல் ரோமருக்கு எழுதிய காலத்தில் அந்த ஊர்ச் சிங்காசனத்தில் இருந்த நீரோவே முந்தின பேரரசர் கிலவுதியு தத்தெடுத்த மகன்தான். தத்துப்பிள்ளை சொந்தப்பிள்ளையின் முழு உரிமையோடு வருவான் என்று வாசித்தவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்காது.

ரோமர் 8ஐ முழுதாகப் படித்தால் இன்னொன்று தெரியும். 15ஆம் வசனத்தில் புத்திரசுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள் என்கிறார். 23ஆம் வசனத்தில் புத்திரசுவிகாரம் வருவதற்குக் காத்திருந்து தவிக்கிறோம் என்கிறார். பெற்றாகிவிட்டது, இன்னும் காத்திருக்கிறோம். ஒரே அதிகாரம், எட்டு வசன இடைவெளி. உங்கள் மகளின் எட்டு மாதத்தை அங்கே வைத்துப் பார்க்கிறேன்.

---

தாழம்பூ | புதன், அதிகாலை 1.15

மூன்று நாளாகப் படிக்கிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். எல்லாரும் தகப்பன், அப்பா என்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்லே பயம். என் அப்பா வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் நானும் தங்கையும் கட்டிலுக்கு அடியில் போவோம். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்றும் ஆலயத்தில் "அப்பா பிதாவே" என்று பாடும்போது என் வாய் மூடிக்கொள்ளும். பிள்ளையாவது என்றால் அதற்கும் ஒருவர் கையில் அகப்பட வேண்டும் என்றுதான் மனம் நினைக்கிறது. எனக்கு வழி இருக்கிறதா?

---

மெழுகுத்திரி | புதன், காலை 6.20

இருக்கிறது, மகளே. அவசரமாக அந்தச் சொல்லுக்கு வர வேண்டாம். ஏசாயா 66:13இல் ஒரு தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்று அவரே சொல்கிறார். 49:15இல் பால்குடிக்கும் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்கிறார். அந்த வாசல் வழியாக வாருங்கள். உங்களை அடித்த கைக்கும் இவருக்கும் ஒரே பெயரை வைத்தது உங்கள் தவறல்ல.

---

கடலோரம் | புதன், காலை 7.05

தங்கச்சி, நான் அந்த வண்டியை ஓட்டியவன். என் மகள் ஒளிந்த கதவைப் பற்றி மேலே எழுதினேன். அவள் என்னை மறுபடி அப்பா என்று கூப்பிட மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் நான் அவளைக் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை. என்னைப் போன்றவனுக்கே அவ்வளவு பொறுக்கத் தெரிந்தது என்றால், ஒரு தப்பும் செய்யாத அவர் உங்களுக்காக எவ்வளவு காலமும் காத்திருப்பார்.

அக்கா பனைநிழல், உங்களிடமும் ஒன்று. என் சாட்சியைச் சொல்லும்போது தேதியைச் சொல்வேன், அதை விட முடியாது. ஆனால் எதிரில் இருப்பவரை எழுப்பிக் கேட்க மாட்டேன்.

---

தாழம்பூ | வியாழன், இரவு 10.50

நன்றி அண்ணா. நன்றி ஐயா.

இன்று ஒன்று செய்து பார்த்தேன். கர்த்தரின் ஜெபத்தை மெதுவாகச் சொன்னேன். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள்" வரைக்கும் வந்தது. அதற்கடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். பத்து நிமிடம் அங்கேயே இருந்தேன். ஆனால் இந்த முறை பயந்து எழுந்து ஓடவில்லை.

---

பனைநிழல் | வியாழன், இரவு 11.10

அங்கேயே இரு, அம்மா. அந்த "எங்கள்" என்ற சொல்லில் நாங்கள் எல்லாரும் உன்னோடு இருக்கிறோம். அடுத்த சொல்லை இப்போதைக்கு நாங்கள் சொல்கிறோம். நான் நாளை காலை ஐந்தரைக்கு ஜெபத்துக்கு உட்காருவேன், உனக்கு வசதிப்பட்டால் நீயும் அதே நேரம் உட்கார். அதுவரை தூங்கு.

ஞாயிறு பள்ளியில் அந்தச் சின்னவன், டீச்சர் அன்றைக்கு ஏன் எழுந்து நின்றீர்கள் என்று கேட்பான் என்று தெரியும். அவனுக்கு யாழ்மண் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லலாமா, தங்கச்சி?

---

யாழ்மண் | வெள்ளி, காலை 5.35

சொல்லுங்கோ அக்கா. அவள் இப்ப பதினொரு வயசு. கேட்டேன், "யோகட் எண்டு சொல்லச் சொல்லுங்கோ, பிஸ்கட் எண்டு மாத்திப்போடுவினம்" என்கிறாள். நானும் இப்போதுதான் ஜெபத்துக்கு உட்காருகிறேன்.